கண்ணயரக் கூடாத விருந்தாளி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்டிக்கொள்ள இடம் இருக்கிறது, சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள். மூளையை ஆராய்கிற இடத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் போனால் மனசு லேசாகும்.

"அக்கா, கண்ணு சொருகுது" என்று கிசுகிசுத்தாள் சுருட்டை.

"யாருக்கு, உனக்கா?"

"எனக்கில்ல. சோப்பு அம்மாவுக்கு."

அக்கா திரும்பிப் பார்த்தாள். ஆராய்ச்சிக் கூடத்து இயக்குநர் திரையில் காட்டி விளக்கிய இரண்டாவது படத்துக்கே, முன்வரிசையில் இருந்த சோப்புத் தொழிற்சாலை முதலாளியம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தது. காட்ட வேண்டிய படங்கள் இன்னும் ஏராளம்.

அக்கா என்றால் மாணவர்களுக்கு அக்கா. விடுமுறையில் அந்த மூளை ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளைக் கவனிப்பது அவள் வேலை. முன்பெல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளும் பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகளும்தான் வருவார்கள். விடுமுறை முழுவதும் சம்பளம் இல்லாமல் வேலை பழக வேறு யாரால் முடியும்? அக்காதான் படியேறிப் படியிறங்கி, பல்லைக் காட்டிக் கெஞ்சி, ஓர் உதவித்தொகைக்கு வழி பண்ணினாள். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன சுருட்டையும் நெட்டையும் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். போன விடுமுறையில் சுருட்டை துணிக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நெட்டை கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பணம் இந்த மாதத்தோடு தீர்கிறது. சோப்பு அம்மா மனசு வைத்தால் இவர்கள் இருவரும் தொடரலாம், இவர்களைப் போல இன்னும் நாலு பேர் வரலாம். இல்லையென்றால் சுருட்டை மறுபடியும் துணி மடிக்க வேண்டியதுதான்.

இயக்குநர் காலையிலேயே எச்சரித்திருந்தார். "பாரும்மா, அந்தம்மா மட்டும் தூங்கிட்டாங்கன்னா நம்ம கதை முடிஞ்சுது. தூங்க வெக்கிறவனுக்கு யாரு பணம் குடுப்பா?"

அவருடைய குரலே தாலாட்டு என்பதை அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை.

"நெட்டைகிட்டச் சொல்லி ஒரு காபி கொண்டுவரச் சொல்லு. கடுங்காபியா" என்றாள் அக்கா.

நெட்டை நல்ல பிள்ளை, அதுதான் வினை. வயசானவர்களுக்குக் கடுங்காபி வயிற்றைப் புரட்டுமே என்று பாலைத் தாராளமாக ஊற்றி, சர்க்கரையை அள்ளிப் போட்டு, பெரிய கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தான். சோப்பு அம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிதானமாகக் குடித்தார். "இதமா இருக்குப்பா" என்றவர், நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தார்.

"டேய், கடுங்காபி எங்கடா?"

"பாவம்க்கா."

"பாவம் பாக்குற நேரமாடா இது?"

குளிர்ந்தால் தூக்கம் ஓடிவிடும் என்று அக்கா ஏசியைக் கூட்டி வைத்தாள். இயக்குநருக்குப் பல் தந்தியடித்தது. கதவோரம் நின்றிருந்த சோப்பு அம்மாவின் டிரைவர் அதைப் பார்த்துவிட்டுக் காருக்கு ஓடினார். ஒரு தடித்த கம்பளிச் சால்வையோடு வந்து, முதலாளியம்மாவைக் கழுத்துவரை போர்த்திவிட்டு, ஓரங்களையும் செருகிவிட்டார். பச்சைக் குழந்தையைச் சுற்றினாற்போல் ஆயிற்று.

"ரொம்ப நன்றி" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அம்மாவுக்குக் குளிர் ஆகாதுங்க" என்றார் டிரைவர்.

இனி உட்கார வைத்தால் ஆபத்து. நடக்கிற ஆள் தூங்க முடியாதல்லவா? "சார், படம் போதும். அம்மாவுக்கு ஆய்வுக்கூடத்தைச் சுத்திக் காட்டலாம்" என்று எல்லோரையும் கிளப்பினாள். யோசனை நல்ல யோசனைதான். நடந்து போய்ச் சேர்ந்த இடம்தான் வில்லங்கம்.

அது மூளை அலைகளைப் பதிவு செய்கிற அறை. வெளிச்சத்தம் எட்டாத கனத்த சுவர், மங்கல் விளக்கு, நடுவில் படுக்கை போலச் சாய்கிற மெத்தென்ற நாற்காலி. கதவைத் திறந்ததுமே அக்கா அதை மறுபடியும் சாத்தப் பார்த்தாள்.

"இதுல என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார் சோப்பு அம்மா.

"இந்தத் தொப்பியைத் தலையில மாட்டுவோம்மா. மூளையில ஓடுறதெல்லாம் வெளியில இருக்குற திரையில கோடு கோடா வரும்" என்றாள் சுருட்டை.

"அப்ப எனக்கே மாட்டு. உள்ள என்னதான் ஓடுதுன்னு பாத்துருவோம்."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், நான் உக்கார்றேன்" என்று அக்கா முந்தினாள்.

"நீ உக்காந்தா உன் மூளைதானம்மா தெரியும்" என்று சொல்லும்போதே சோப்பு அம்மா சாய்ந்துவிட்டார்.

தொப்பியில் ஏகப்பட்ட துளைகள். ஒவ்வொரு துளைக்கடியிலும் முடியை விலக்கி, பசை வைத்து, தலையோடு ஒட்டும்படி மெல்லத் தேய்த்துவிட வேண்டும். சுருட்டைக்கு எப்போதும் வேலை சுத்தம். அவள் அவசரப்படவே இல்லை.

"நல்ல கைம்மா உனக்கு" என்றார் சோப்பு அம்மா. கண் மூடியிருந்தது.

பேச்சுக் கொடு, பேச்சுக் கொடு என்று அக்கா கதவருகில் நின்று கையால் ஜாடை காட்டினாள். சுருட்டை யோசித்து, "அம்மா, சோப்பு எப்படிச் செய்வீங்க?" என்று கேட்டாள்.

"அதுவா... மொதல்ல எண்ணெயைக் காய்ச்சி..."

அந்த எண்ணெய் காய்ந்ததோடு சரி. சோப்பு வரவில்லை.

வெளியே திரைக்கு முன்னால் நெட்டை உட்கார்ந்திருந்தான். டிரைவர் காதில் விழும்படி, இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அம்மா கண்ணை மூடி ஆழமா யோசிக்கிறாங்க."

"இல்ல சார், தூங்கிட்டாங்க" என்றான் நெட்டை. "சின்னச் சின்ன அலையெல்லாம் போயி, பெரிசு பெரிசா வருது பாருங்க. இப்படி ஒரு அழகான தூக்கத்தை இந்த விடுமுறையிலயே நான் பாக்கல."

அக்கா அவன் காலை மிதித்தாள்.

"ஏன்க்கா மிதிக்கிறீங்க? தப்பாச் சொல்லிட்டேனா?"

"சரியாச் சொன்னதுதான்டா தப்பு."

"எதையாவது கீழ போடும்மா" என்றார் இயக்குநர், உதடு அசையாமல்.

அக்கா எஃகுத் தட்டு ஒன்றைத் தரையில் போட்டாள். அந்தச் சுவரைத் தாண்டி எந்தச் சத்தம் உள்ளே போகும்? இயக்குநர்தான் துள்ளி விழுந்தார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் போட்டாள். திரையில் ஒரே ஒரு கோடு மலை மாதிரி எழும்பி அடங்கியது.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்று நெட்டை குதூகலித்தான். "தூக்கத்துல சத்தம் கேட்டா இப்படி ஒண்ணு வரும்னு படிச்சோமேக்கா. இப்ப முன்னைவிட ஆழமாப் போயிட்டாங்க."

உள்ளே பேசுவது வெளியே கேட்க வைத்திருந்த ஒலிபெருக்கி வழியாக ஒரு குறட்டை வந்தது. ரொம்ப மரியாதையான, சின்னக் குறட்டை.

இயக்குநர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். சுருட்டை பசை ஒட்டிய விரல்களோடு பூனைபோல வெளியே வந்து, நெட்டையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் கோடுகளைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டார்கள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். துணியும் மூட்டையும் அவர்கள் நினைவிலேயே இல்லை. அக்காவுக்குத்தான் இருந்தது. அவளும் குனிந்து திரையைப் பார்த்தாள்.

"பதிவு நல்லா வந்திருக்கா?"

"பிரமாதம்க்கா."

"அதுவரைக்கும் லாபம்" என்றாள் அக்கா. போய் எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, காலில் விழ வேண்டுமானாலும் விழுந்து இந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு பண்ணிக்கொண்டு, கதவுக்குக் கையை நீட்டினாள்.

டிரைவர் குறுக்கே வந்து நின்றார்.

"எழுப்பாதீங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். வீட்டுல படுத்தா விடிய விடியக் கூரையையே பாத்துக்கிட்டிருக்கிற மனுஷி இவங்க. எந்த இடத்துல தன்னை மறந்து கண்ணு மூடுதோ, அந்த இடத்தைத்தான் நம்பிப் பணம் குடுப்பாங்க. காலையிலேர்ந்து ஏறி இறங்கின இடத்துலல்லாம் நல்லாப் பேசிப் பேசி முழிச்சிருக்க வெச்சுட்டாங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் தேறல. நீங்க மட்டும் அந்தத் தட்டைப் போடாம கொஞ்சம் சும்மா இருந்தீங்கன்னா, சாயங்காலத்துக்குள்ள அடுத்த வருஷப் பிள்ளைங்களுக்கும் சேத்தே தூங்கி முடிச்சுருவாங்க."

உங்கள் வீட்டிலும் படுத்தவர்களுக்குப் படுத்தவுடன் தூக்கம் வரட்டும், கண்ணுகளா. படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு வழி திறக்கட்டும். எல்லோரும் நிறைவாக இருங்கள்.