பங்கேற்பாளர் எண் மூன்று

வேலையிடத்தில் மனிதர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று ஆராயப் போய், தாய்மாமாவின் வேலைக்கே உலை வைத்தவன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவன் படித்துக் கிழித்தது இதுதான்.

மாமா பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்தில் ஒரு தொழிற்சாலையின் பேக்கிங் லைனில் இருந்தார். பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் மெஷின் சிக்கினால், நிறுத்திவிட்டு டெக்னீஷியனுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது விதி. மாமா காத்திருக்க மாட்டார். மூடியைத் திறந்து, சாத்தே இறைச்சி சுடும் மூங்கில் குச்சியால் டேப்பை இழுத்துவிடுவார். புதிதாக வருகிறவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பார். என் பட்டப்படிப்பு ஆய்வுக்காக அவர் முன்னால் நோட்டோடு உட்கார்ந்தேன்.

“பேரு வராது மாமா, பயப்படாம சொல்லுங்க.”

“பேரு வந்தாத்தான் என்னடா? நம்ம மருமவன் எழுதுறான், நல்லா எழுது லா.”

பெயரைப் போடவில்லை. சத்தியமாக. ‘பங்கேற்பாளர் எண் மூன்று: வயது ஐம்பத்து நான்கு, பாகான் டாலாம்வாசி, அந்த லைனில் உள்ள ஒரே தமிழர்’ என்று மட்டும் போட்டேன். (அடையாள அட்டையையே நகலெடுத்து ஒட்டியிருக்கலாம்.) குச்சிக்கு அளவோடு படம் வேறு.

ஜார்ஜ்டவுனில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் தலைமை அலுவலகத்தில், கடன் வாங்கிய டையோடு அறிக்கையை வாசித்தேன். மேலாளர் அம்மையார் மெதுவாகக் கேட்டார்: “மூடியைத் திறக்கும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்குமா?”

ஆராய்ச்சியில் இவ்வளவு ஆர்வமா என்று நான் பூரித்துப்போனேன். “ஓடும், ஓடும்! அதுதானே திறமை!”

மறுவாரமே, இருபத்திரண்டு வருடம் நின்ற லைனிலிருந்து மாமாவை எடுத்து, கிடங்கில் தனியாகப் பெட்டி மடிக்கப் போட்டார்கள். நான் வரைந்த படம் சாப்பாட்டு அறைச் சுவரில் ஏறியது. மேலே சிவப்பில், ‘செய்யக் கூடாதது’.

மன்னிப்புக் கேட்கப் போனேன். மாமா என் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி பேசினார்.

“ஆறு பேருக்குச் சொல்லிக் குடுத்தேன்டா. அத்தன பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம். இப்ப ஒருத்தனும் எங்கூட ஒக்காந்து சாப்பிட மாட்றான்.”

பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமலே அடுத்ததைக் கேட்டார்.

“நீ பாஸாயிட்டியா?”

“ஆயிட்டேன் மாமா.”

“சரி. சாப்பிட்டுப் போ.”

போன தீபாவளிக்கு அத்தை வைத்த ஆட்டுக்கறிப் பிரட்டல் பிரமாதம். “எப்படி அத்தை செஞ்சீங்க?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். “யாரும் வாயத் தொறக்காதீங்க. எழுதிடுவான்!”

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.