பாதிரியார் வீட்டுக்குப் போன ஆட்டுக்கறிச் சட்டி

சிஃப்னோஸ், ஞாயிறு இரவு

அன்பும் மதிப்பும் மிக்க கிளியோநிகி பெரியம்மாவுக்கு அர்கிரோ வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அதாவது, குழந்தை மிர்சினி சுகம். மத்தியானம் இரண்டு தும்மல் போட்டாள். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் என் கைதான் சூடாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் ஸ்டாமடிஸுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்று, நர்ஸாக இருந்த நீங்கள் சொன்னீர்களே, மாவுச்சத்தைக் குறை என்று, அன்றிலிருந்து அப்படியேதான் சமைக்கிறேன். பாஸ்தாவுக்குப் பதில் கத்தரிக்காய்த் துண்டு, உருளைக்கிழங்குக்குப் பதில் காலிஃபிளவர் மசியல், மேசையில் ரொட்டியே கிடையாது. சாலட் தீர்ந்ததும் தட்டில் தேங்கும் எண்ணெயைத் துடைத்துச் சாப்பிட ரொட்டி இல்லாமல் ஸ்டாமடிஸ் விரலால் துடைக்கிறார், அதைப் பார்த்து மிர்சினியும் துடைக்கிறாள். கீழ்வீட்டிலிருக்கும் என் அத்தைக்கு, அதான் இவர் அம்மா கலியோப்பிக்கு, இது தாங்கவில்லை. "ஜெயில்லகூட ரொட்டி போடுவாங்கடி!" என்று ஒரு நாள் மாடிப்படியில் நின்று கத்தினார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். "அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் உன் ராஜ்ஜியம். சர்க்கரை இறங்கலேன்னா கரண்டிய என் கையில குடுத்துடணும். அப்புறம் எம்புள்ளைக்கு நான்தான் சமைப்பேன்." நானும் ரோஷத்தில் சரி என்றுவிட்டேன். அந்தப் பரிசோதனை நாளைக் காலை, பெரியம்மா!

சனிக்கிழமை சாயங்காலம் ஊரே கொண்டைக்கடலைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க வேகவிட ரொட்டிக்கடை தியோதோசிஸின் விறகடுப்புக்குப் போகும், உங்களுக்குத் தெரியாததா. ஆனால் கடலையிலும் மாவுச்சத்து உண்டே. பரிசோதனை வேறு நெருங்குகிறது. அதனால் நான் ஆட்டுக்கறியை ஒயினும் சதகுப்பைக் கீரையும் போட்டுச் சட்டியில் அடக்கினேன். கிறிஸ்துமஸ் நோன்பில் கறியா என்று கேட்காதீர்கள், நோயாளிக்கு நோன்பு இல்லை என்று சொன்னதே நீங்கள்தான். அதை அத்தையிடம் சொல்லத்தான் எனக்குத் தைரியம் இல்லை. சட்டிக்குத்தான் மூடி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். மற்ற வீட்டுப் பெண்கள் மூடிக் காதில் கம்பி முறுக்கி அடையாளம் வைப்பார்கள். நான் பட்டம் படித்தவள் இல்லையா, அழகான கையெழுத்தில் காகிதத்தில் பெயர் எழுதி நூலால் கட்டினேன். அடுப்புக்குள் காகிதம் என்ன ஆகும் என்று பல்கலைக்கழகத்தில் யாரும் கேட்கவில்லை.

இன்று பூசை முடிந்து போனால் ஒரே ஒரு சட்டி மிச்சம். "எல்லாரும் எடுத்தாச்சும்மா, இதுதான் உன்னோடது" என்றார் தியோதோசிஸ். வீட்டுக்கு வந்து பார்த்தால், அழைக்காமலே அத்தையும் மேசையில் உட்கார்ந்திருந்தார்; வேறு வழியில்லாமல் மூடியைத் திறந்தேன். கடலை! பொன்னிறமாக, வெண்ணெய் மாதிரி வெந்த கடலை! "இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு" என்று அத்தை முதன்முறையாக என் தலையைத் தடவினார்; தடவிய கையாலேயே மேலங்கிக்குள்ளிருந்து ஒரு முழு ரொட்டியை எடுத்து மேசையில் வைத்தார். இவர் மூன்று தட்டு சாப்பிட்டார். இது நம் சட்டி இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்னால் நம் சட்டியில் என்ன இருந்தது என்றும் சொல்ல வேண்டுமே! இவர் வாய்க்குள் போகிற ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது. பார்த்தால் பாதிரியார், கையில் என் சட்டி.

"கலியோப்பி, உங்க வீட்டுச் சட்டி எங்ககிட்ட வந்துட்டுதுன்னு தியோதோசிஸ் சொன்னான். கடலைன்னு நெனச்சுத் திறந்தேன். வாசனை அடிச்சுது, உடனே மூடிட்டேன். சரியாத்தான் பாத்தமான்னு சந்தேகம், மறுபடி திறந்தேன்."

"எத்தனை தடவை திறந்தீங்க ஃபாதர்?" என்றார் ஸ்டாமடிஸ், வாய் நிறையக் கடலையோடு.

"வீட்டுல எம் பொண்டாட்டிக்கும் சந்தேகம் வந்துது" என்றார் ஃபாதர். அவர் தாடியில் ஓர் இழை சதகுப்பைக் கீரை தொங்கியதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாதர் போனதும் அத்தை என் பக்கம் திரும்பினார். "நோன்புல கறி! அதுவும் பாதிரியார் வீட்டுக்கு! நாளைக்கு நானும் கூட வரேன். ஆஸ்பத்திரி நர்ஸ் வாயாலேயே கேட்டுட்டு, வர்றப்பவே கரண்டிய வாங்கிக்கறேன்."

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இவர் எழுந்து தண்ணீர் குடித்தார், அது சர்க்கரையா, கடலையில் உப்பு அதிகமா என்று தெரியாமல் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இனிமேல் குறிப்பு எதுவும் அனுப்ப வேண்டாம் பெரியம்மா. நான் தோற்றுவிட்டேன். கரண்டியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டேன்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். கடவுள் உங்கள் முழங்காலையும் என் நெஞ்சையும் பலப்படுத்தட்டும். மிர்சினியின் எண்ணெய் முத்தங்களுடன்,

உங்கள் அர்கிரோ

பின்குறிப்பு, திங்கள் இரவு: காற்றினால் கப்பல் வரவில்லை, கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இவருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது! அது பல வாரத்துச் சராசரியாம், ஒரு நாள் கடலை ஒன்றும் செய்யாதாம். நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. வந்ததுதான் வந்தீர்கள் என்று ஆஸ்பத்திரி நர்ஸ், அத்தையின் விரலிலும் குத்திப் பார்த்திருக்கிறாள். அத்தைக்குச் சர்க்கரை, தன் பிள்ளைக்கு முதலில் இருந்ததைவிட அதிகம்!  சாயங்காலம் அத்தை தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"என்ன வெச்சிருக்க?"

"காலிஃபிளவர், அத்தை."

"கொஞ்சமா போடு."

சாலட் முடிந்ததும் தட்டில் எண்ணெய் தேங்கியிருந்தது. அத்தை மேசை முழுக்க ரொட்டியைத் தேடினார். மிர்சினி தன் விரலை நீட்டி, எப்படித் துடைப்பது என்று காட்டினாள். குறிப்புகளை நாலு பேருக்கு என்று கணக்குப் போட்டு அனுப்புங்கள்.