கடைசி வீட்டுக்குள் யானை

வி.ஆர். வாங்கலாமா, வேண்டாமா என்று எங்கள் எஸ்டேட்டில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருகிறார்கள். சின்னக்கானலில் அந்த விஷயத்தில் என்னைவிட்டால் அனுபவசாலி கிடையாது. நானும் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். தாராளமாக வாங்குங்கள், ஆனால் லயத்தில், அதாவது சுவரோடு சுவர் ஒட்டின எஸ்டேட் வரிசை வீடுகளில், கடைசி வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டும் வாங்க வேண்டாம். கேட்டவர் சிரித்துக்கொண்டே போவார். கதை அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்கள், பாவிகள்.

வி.ஆர். என்றால் தோசைக்கல் கனத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதை மாட்டினால் நம் வீடு மறைந்து வேறொரு உலகம் தெரியும். இரண்டு கையிலும் இரண்டு பிடிகள். நாம் கையை வீசினால் அந்த உலகத்திலும் கை வீசும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு மட்டும், கண்ணைக் கட்டிக்கொண்டு கொசு அடிக்கிற மாதிரி இருக்கும்.

அதை எனக்கு அனுப்பியவன் என் மகன் பிரவீன். கோயம்புத்தூரில் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் வேலை. விளையாட்டை வெளியே விடுவதற்கு முன்னால் தான் விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கிற வேலை. (பத்தாவது படிக்கும்போது இதற்காகத்தான் அவனை விளக்குமாற்றால் அடித்தேன். இப்போது அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.) அவன் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் தேயிலை ஃபேக்டரி, அங்கே பேக்கிங் செக்‌ஷனில் பெண்களை மேய்க்கிற வேலை. சாயங்காலம் வீடு. வீட்டில் மேய்ப்பதற்கு யாரும் இல்லை.

பிரவீன் தினமும் போன் பண்ணுவான், அதில் குறை சொல்ல முடியாது. "சாப்பிட்டியாய்யா?" என்பேன். "சாப்பிட்டேன்மா." "என்ன சாப்பிட்ட?" "சாப்பாடு." அதோடு பேச்சு முடிந்துவிடும். தீபாவளிக்கு வரவில்லை, வேலை என்றான். பொங்கலுக்கும் வரவில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு பார்சல் வந்தது. ஆபீசில் பழசாகிவிட்டதாம் அந்தக் கண்ணாடி, அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அனுப்பியிருக்கிறான். அதைப் பிரித்த அன்று எனக்கு வந்த கோபத்தில் திருப்பி அனுப்பியிருப்பேன். அப்போதுதான் போனில் சொன்னான்.

"அம்மா, எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு நீயும் உள்ள வா. ரெண்டு பேரும் ஒரே விளையாட்டுல நிக்கலாம். பழகிப் பாரு, வரலைன்னா விட்ரு."

இந்த 'வரலைன்னா விட்ரு' இருக்கிறதே, அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. ஒழுங்காக விளையாடினால் அடுத்த ஞாயிறும் கூப்பிடுவான். சொதப்பினால் அம்மாவுக்கு இது சரிப்படாது என்று விட்டுவிடுவான், மறுபடியும் 'என்ன சாப்பிட்ட, சாப்பாடு'தான். என் கணக்கு அவ்வளவுதான். அதனால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி அந்த வாரம் முழுக்கப் பழகினேன். முதல் நாள் தலை சுற்றி வாந்தி வந்தது. போடிமெட்டு வளைவுகளில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்த சிக்கல் இடம். கண்ணாடியை மாட்டியதும் அது, எவ்வளவு தூரம் கையை வீசலாம், தரையில் கோடு போட்டுக் காட்டு என்று கேட்கும். எங்கள் லயத்து வீட்டில் முன்னறையில் கட்டில் போக மிச்சம் இருப்பது பாய் விரிக்கிற அளவு இடம். கோடு போட்டால் 'இடம் போதாது' என்கிறது. கட்டிலை நிமிர்த்திச் சாய்த்தேன். அரிசி டிரம்மை ஓரம் தள்ளினேன். அப்போதும் போதாதாம். சரிதான் போ என்று சுவர் இல்லாத மாதிரி நினைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் வரைக்கும் சேர்த்துக் கோடு போட்டுவிட்டேன். இவ்வளவு பெரிய மெஷினை ஏமாற்றிவிட்ட பெருமை வேறு. (அந்தப் பக்கம் பேச்சி மதினியின் வீடு.)

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. நல்ல சேலை கட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், அவனுக்குத் தெரியப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். வெளியே பனி இறங்கி, எதிரே இருக்கிற தேயிலைகூடத் தெரியவில்லை. போனில் நெட்டைத் திறந்து, தண்ணீர் அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினேன்.

என் மகன் நின்றுகொண்டிருந்தான். நீலத் தலைமுடி, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. இதையா பெற்றேன் என்று பார்த்தேன். ஆனால் குரல் அவனுடையதுதான், காதுக்குப் பக்கத்தில், என் தோளை ஒட்டி நிற்கிறவன் பேசுகிற மாதிரி. என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். கை அவன் முகத்துக்குள்ளே போய் அந்தப் பக்கம் வந்தது.

"அம்மா, என்னம்மா பண்ற? என் மூஞ்சிக்குள்ள கைய விடுற."

"தொட்டுப் பாத்தேன்யா."

அவன் ஓரடி பின்னால் போனான், மறுபடியும் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு, "சரி, ஆரம்பிக்கலாமா?" என்றான்.

பாறை உடைக்கிற விளையாட்டு அது. எதிரே இருந்து பாறைகள் பறந்து வரும், இரண்டு கைகளிலும் உள்ள சுத்தியலால் உடைக்க வேண்டும். தரையில் வெளிச்சம் தெரியும் இடத்தை ஓங்கி மிதிக்க வேண்டும். நான் உடைத்தேன் பாருங்கள், அப்படி உடைத்தேன். பாதிப் பாறைகள் சுவரில்தான் உடைந்தன என்பது எனக்குத் தெரியாது. வாயும் சும்மா இருக்கவில்லை. "வராத, வராத, போ அங்கிட்டு. கிட்ட வந்த, மண்டையப் பொளந்துருவேன்" என்று ஒவ்வொரு பாறையையும் தனித்தனியாகத் திட்டினேன். பிரவீன் சிரித்தான். அவன் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. அந்தச் சிரிப்புக்காக மலையையே உடைத்திருப்பேன்.

இனி, சுவருக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொல்ல வேண்டும். இது பிற்பாடு பேச்சி மதினி சொல்லித் தெரிந்துகொண்டது.

எங்கள் பக்கத்தில் யானை வருவது புதிதில்லை. அரிசி வாசத்துக்கு வந்து அடுப்படிச் சுவரைத் தள்ளும். முதலில் வருவது கடைசி வீட்டுக்கு, அதாவது என் வீட்டுக்கு. அதனால் எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. யானைச் சத்தம் கேட்டால் யாரும் கதவைத் திறக்காமல் பக்கத்து வீட்டுச் சுவரை மூன்று தட்டு தட்டுவார்கள். அங்கிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று பேச்சி மதினி கேட்டது இது: என் வீட்டில் தரை அதிர்கிறது, சுவர் இடிபடுகிறது, நான் யாரையோ போ போ என்று கத்துகிறேன். மதினி மூன்று தட்டு தட்டியிருக்கிறாள். உடனே டம் டம் டம் என்று பதில் வந்திருக்கிறது. (வரிசையாக மூன்று பாறைகள் வந்தன, உடைத்தேன்.) அந்த நேரம் பார்த்து நான் அரிசி டிரம்மை உதைத்துத் தள்ள, அரிசி கொட்டிய சத்தம் கேட்டிருக்கிறது. அதற்குமேல் மதினிக்குச் சந்தேகமே இல்லை. யானை அடுப்படி வழியாக உள்ளே வந்துவிட்டது, செல்வராணி அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். யானையோடு நான் சண்டை போடுவேன் என்பதை மட்டும் அந்த லயத்தில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்கு இன்னமும் வருத்தம் அதுதான்.

யானை எங்கே நிற்கிறது என்று சொல்லும் வாட்ஸப் குழுவில் 'கடைசி வீட்டுக்குள்ள ஆனை' என்று செய்தி பறந்தது. தகரம் தட்டினார்கள். வீட்டுப் பின்பக்கம் பட்டாசு வெடித்தார்கள். அது எனக்கும் கேட்டது. நான் நன்றாக விளையாடுகிறேன் என்று விளையாட்டே வெடி போடுகிறதாக நினைத்து இன்னும் ஓங்கி மிதித்தேன்.

"அம்மா, செமயா விளையாடுற" என்றான் பிரவீன். "அடுத்த ஞாயிறு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான்.

அந்த நிமிஷம் பின்னால் இருந்து யாரோ என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினார்கள். பேச்சி மதினியின் வீட்டுக்காரர் தங்கராசு அண்ணன், உயிரைப் பணயம் வைத்து முன்கதவை உடைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்ற வந்திருக்கிறார். எனக்கு என்ன தெரியும்? திரும்பி வீசினேன் ஒரு வீச்சு. அவருடைய நெற்றியில் அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். வாசலில் இருந்து பேச்சி மதினி, "ஐயோ, ஆனை அடிச்சுப் போட்டுருச்சே" என்று அலறினாள். எழுந்திருக்கப் போனதில் ஸ்டூல் கவிழ்ந்து போன் அண்டாவுக்குள் போனது, அதோடு நெட்டும் பிரவீனும் போனார்கள்.

கண்ணாடியைக் கழற்றினேன். லயம் முழுவதும் என் வாசலில், கையில் டார்ச்சும் தகரமுமாக. ஜீப்பில் இருந்து வனத்துறை வாச்சர் ஒருவர் ஓடி வந்தார். மலையாளி. மூச்சு வாங்க, "ஆன எவ்விடெ?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆனை இல்ல சார்" என்றேன். "நாந்தான்."

யாராவது ஒருவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. தங்கராசு அண்ணன் நெற்றியில் துண்டை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணாடியை வாங்கி மாட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லயே தாயி, செவப்பா என்னமோ எழுதியிருக்கு" என்றார். லயமே சிரித்தது. வாச்சர் மட்டும் சாய்த்து வைத்த கட்டிலையும் ஒற்றைச் சாப்பாட்டுத் தட்டையும் பார்த்துவிட்டு, "சேச்சி ஒற்றய்க்காணோ?" என்று மெதுவாகக் கேட்டார். தனியாகவா இருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆமாம் என்று தலையாட்டினேன். அத்தனை பேருக்கு நடுவில் நின்று அதைச் சொல்ல எனக்கு அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய்விட்டது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் டவரும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். நான் அரிசியைக் கூட்டி அள்ளி வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் ஃபேக்டரிக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால், அரை டிரவுசரும் ஹவாய்ச் செருப்புமாக மேட்டில் ஒருவன் ஏறி வருகிறான். பிரவீன். நேராக என்னிடம் வரவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய் அடுப்படிச் சுவர் இருக்கிறதா என்று பார்த்தான். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குக் கடைசியாகக் கேட்டது வெடிச்சத்தமும் பேச்சி மதினியின் அலறலும்தான். லயத்தில் யாருடைய போனும் கிடைக்கவில்லை. இருந்த வேஷத்தோடு தேனி பஸ்ஸில் ஏறி, போடியில் ஜீப் பிடித்து வந்திருக்கிறான்.

"எங்கயாச்சும் போய் ஒரு போன் பண்ணக்கூடாதாம்மா? நைட்டெல்லாம் செத்துட்டேன்" என்று கத்தினான்.

"நெட் போயிருச்சுன்னு நெனச்சுருப்பன்னு இருந்தேன்."

"அதுக்குப் பெறகு நான் உன்னையத் தேட மாட்டேனா?"

"நீ தேடுவன்னு நெனைக்கலைய்யா."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அவன் படியில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். நான் ஃபேக்டரிக்குப் போகவில்லை.

அன்றும் மறுநாளும் இருந்தான். பாதி நேரம் தூங்கினான். அடுத்த ஞாயிறு என்று என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். "ஆபீஸ் இருக்கு, வர முடியாதுன்னு சொல்ல வந்தேம்மா" என்றான். நல்லவேளை, தங்கராசு அண்ணன் நடுவில் வந்தார். அவன் பஸ் ஏறிய பிறகு, கட்டில் போக இடமே இல்லாத அந்த வீடு எனக்கு மைதானம் மாதிரி இருந்தது.

இப்போதும் சில ஞாயிறுகளில் விளையாடுகிறோம். உட்கார்ந்து மீன் பிடிக்கிற விளையாட்டு, பேச்சி மதினியின் உத்தரவு. நன்றாகத்தான் இருக்கிறது. கழற்றுகிற நிமிஷம்தான் நன்றாக இருக்காது. பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவன் போய், எதிரே சுவர் இருக்கும். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் இதை நான் சொல்வதில்லை. அவர்கள் கேட்பது சிரிப்பதற்காக.

ஃபேக்டரிக்குள் நான் நுழைந்தால் பெண்கள் மூன்று தட்டு தட்டுகிறார்கள். போடியில் இருக்கும் என் தங்கச்சி, "பிரவீன் பொங்கலுக்கு வர மாட்டான், ஆனைக்குத்தான் வருவான்" என்று கல்யாண வீடுகளில் சொல்லித் திரிகிறாள். அதில் உண்மை உண்டு. மழைக்காலத்தில் ரோடு இடிந்து நாலு சுவருக்குள் கிடந்தபோது, தனியாக இருந்து தாங்க முடியாமல் போனில், "ஆனை வந்துருக்குய்யா" என்றேன். சிரித்தான். ஆனால் ரோடு திறந்ததும் வந்துவிட்டான். அதற்குப் பிறகு நான் அதைச் சொல்லவில்லை. சும்மா சும்மா சொன்னால் மதிப்புப் போய்விடும்.

போன மாதம் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான். வேலை நாளில் அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிற பிள்ளை இல்லை அவன்.

"என்னய்யா, சாப்பிட்டியா?"

"ம். அங்க ஆனை ஏதும் வந்துச்சாம்மா?"

"வரலைய்யா. ஒரு மாசமா அந்தப் பேச்சே இல்ல."

அவன் பக்கம் ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன்.

"இங்க வந்துருக்கும்மா" என்றான்.

ஃபேக்டரி ஆபீசுக்குள் போய் லீவு கேட்டேன். காரணம் கேட்டார்கள். மகன் வீட்டுக்குள் ஆனை வந்துவிட்டது என்றேன். ஆபீசே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, போடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.