ரூட்டு காத்த மில்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ரூட்டு அளவுக்கு வழி தெரிந்தவரும் கிடையாது, அவர் அளவுக்கு ஆட்களை வழிதவற விட்டவரும் கிடையாது.

எங்கள் தெருமுனையில் மூடிக்கிடக்கும் ஜவ்வரிசி மில்லின் வாட்ச்மேன் அவர்; எல்லாருக்கும் வழி சொல்வதால் 'ரூட்டு' என்று பட்டப்பெயர். உலகத்துக்கு நடுவில் அந்த மில் இருப்பதாக நினைப்பு. பஸ் ஸ்டாண்டு மில்லுக்குக் கிழக்கே, கல்வராயன் மலை மில்லுக்கு நேர் எதிரே. திருக்கோவிலூர் கோயிலுக்கு வழி கேட்டால்கூட, "மொதல்ல மில்லுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்.

சேலத்தில் இருக்கும் முதலாளி மில்லை விற்க முடிவு செய்தார். ரூட்டு குடியிருந்தது அதன் பாய்லர் அறையில். வேறு வீடு இல்லை. நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவன் என்பதால் யோசனை கேட்டு வந்தார். தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா என்று எல்லா நடைமுறையையும் விளக்கினேன். எதிலும் வாட்ச்மேனுக்கு இடமில்லை.

"அப்ப நானே பாத்துக்கறேன் சார்."

பார்த்துக்கொண்டார். மில்லின் பெயர்ப்பலகை எப்போதோ விழுந்து ரூட்டுவின் கட்டிலாகியிருந்தது. வாங்க வந்தவர்களின் கார் கேட் எதிரிலேயே நின்றது.

"பெரியவரே, ஜவ்வரிசி மில்லு எங்க?"

"நேரா போய்க்கினே இருங்க. மலை ஏறி வெள்ளிமலை தாண்டினா வரும்."

"போன்ல இங்கதான்னு காட்டுதே?"

"போனுக்கு இன்னாங்க தெரியும்? அது ஊருக்குப் புதுசு. மரவள்ளிக் கெழங்கு வெளையற எடத்துலதான மில்லு இருக்கும்?"

கார் மலையேறியது. அடுத்து வந்த குடும்பம் தேனும் பலாப்பழமும் வாங்கிக்கொண்டு, மில்லை மறந்தே ஊர் திரும்பியது.

"மாட்டினா வேலை போயிடும்யா" என்றேன்.

"மில்லு போனா வேலையும் வூடும் சேந்துல்ல போவுது?"

இதற்கும் என்னிடம் நடைமுறை இல்லை.

போன மாதம் வழுக்கி விழுந்து கால் உடைந்து, அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மறுநாள் காலை நான் நடைப்பயிற்சி முடிந்து திரும்பும்போது முட்டி வலித்தது. கேட் அருகில் இருந்த அவர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஒரு கார் வந்து நின்றது.

"சார், இங்க ஜவ்வரிசி மில்லு ஒண்ணு விலைக்கு வருதாமே, எங்க?"

பணிக்காலம் முழுக்க நான் யாருக்கும் தவறான தகவல் தந்ததில்லை. 'தெரியாது' என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன்.

எழுந்தேன். மில்லுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"நேரா போங்க. மலை ஏறணும்."

கார் மறைந்ததும் ஸ்டூலைத் துடைத்து, அவர் போடும் இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன்.