சர்க்கரை இல்லாத டீயும் 4.9 மார்க் படமும்

ஒரு படத்தைப் பார்க்கலாமா வேண்டாமா என்பதை நானாக முடிவு செய்து பல வருடங்களாகிவிட்டன. முன்பின் தெரியாத ஆயிரம் பேர் இணையத்தில் போடும் மார்க்கைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். பத்துக்கு ஏழு வாங்காத படத்தின் போஸ்டரைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டேன். (பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் எத்தனை வாங்கினேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.) திருக்கோகர்ணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஆபீஸ் போகும் கிளார்க்குக்கு இந்த ரசனை கொஞ்சம் அதிகம்தான்.

கல்யாணமான புதிதில் என் மனைவி சுகந்தி ஒரு படத்தின் பெயரைச் சொல்லி, சேர்ந்து பார்க்கலாம் என்றாள். போனில் தேடினேன். 4.9.

"இதையெல்லாம் மனுசன் பாப்பானா?" என்றேன். மறுவாரம் மறுபடி கேட்டாள். அஞ்சுகூட வாங்கவில்லையே என்றேன். மூன்றாவது முறை, "சரி, எங்க வீட்டுக்குப் போறப்பப் பாப்போம். அங்க எல்லாரும் உக்காந்து பாப்பாங்க. நீங்க ஒண்ணும் பேசாம இருந்தாப் போதும்" என்றாள். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அவள் ஊர் ஜெகதாப்பட்டினம். மாமனார் விசைப்படகு வைத்திருந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்பே நெஞ்சுவலியில் போய்விட்டார். சுவரில் மாட்டியிருந்த போட்டோவில்தான் எனக்கு அவரைத் தெரியும். அதுவும் இருபது வயதில் கோட் போட்டு, மீசை இல்லாமல் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கடலுக்கு யாரும் போகவில்லை. ஐஸ் கம்பெனியும் ஓடாமல் தெருவே சத்தமில்லாமல் கிடந்தது. மைத்துனன் அருள் ஜன்னல்களைச் சாத்திவிட்டு டிவியில் பென் டிரைவைச் செருகினான். அக்கம்பக்கத்தார் எட்டுப் பத்துப் பேர் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். கடைசியாக மாமியார் வந்தார். டிவிக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்தது. அதன் பக்கத்து ஸ்டூலில் டம்ளர் நிறைய டீயை வைத்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு நாற்காலி, ஒரு டீ, ஒரு புது மாப்பிள்ளை. எனக்குக் கணக்கு சரியாகவே பட்டது. போய் உட்கார்ந்தேன். யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. சுகந்தி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அருள் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். (புது மாப்பிள்ளையை எழுந்திருக்கச் சொல்லும் தைரியம் எந்த மைத்துனனுக்கு உண்டு?) டீயில் துளி சர்க்கரை இல்லை. மாப்பிள்ளைக்கு இதுதான் மரியாதையா என்று மனதுக்குள் பொருமிக்கொண்டே முழுசாகக் குடித்து முடித்தேன்.

அது காமெடிப் படம். ஹீரோ விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்த ஆளைக் கவனித்தேன். தாடி, தலையில் துண்டு, ஊதா லுங்கி. ஹீரோவுக்குப் பின்னால் மெதுவாக நடந்து போனவர் நின்றார், திரும்பினார், நேராக என்னைப் பார்த்தார். என் முதுகுக்குப் பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. திரும்பினால் அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள்.

எனக்குத்தான் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து, "உக்காருங்க, உக்காருங்க" என்று கையசைத்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆள் திரையிலிருந்து மறைந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள்.

அடுத்து மீன் ஏலக்கூடத்தில் சண்டை. அங்கேயும் அதே ஊதா லுங்கி, அதே பார்வை, பின்னால் அதே சரசரப்பு. பாட்டில் முப்பது பேர் ஆட, நடுவில் அவர் மட்டும் ஆடாமல் நின்றார். பிணம் தூக்கும் காட்சியில் பாடைக்குப் பின்னால் வந்தார். கண் இமைக்கவே இல்லை. அந்தப் புழுக்கத்திலும் எனக்கு முதுகு சில்லிட்டது. பயத்தை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கிண்டல். செய்த சத்தியம் மறந்துபோனது.

"யாருய்யா இந்த ஆளு? எங்க பாத்தாலும் வந்து நிக்கிறான். செத்தவன் எந்திரிச்சு வந்த மாதிரியே முழிக்கிறான்."

அருள் ரிமோட்டை அழுத்தினான். படம் நின்றது. அந்த முகமும் என்னைப் பார்த்தபடியே நின்றது.

"எங்க அப்பாங்க அது" என்றாள் சுகந்தி. அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள். "இதே மாதிரி ஒரு தடைக்காலத்துலதான் இங்க ஷூட்டிங் நடந்துச்சு. வேலையில்லாம நாலு நாளும் அவங்க பின்னாடியே சுத்துனாரு. கேமராவப் பாக்காதீங்கன்னு சொல்லச் சொல்லப் பாத்தாரு. படம் வர்றதுக்குள்ள போயிட்டாரு. ஒங்கள அவருக்குக் காட்டணும்னுதான் மூணு தடவ கேட்டேன்."

சுவரைப் பார்த்தேன். அதே கண்கள். நாற்காலி யாருடையது, டீ யாருக்கு வைத்தது, அதில் ஏன் சர்க்கரை இல்லை (அவருக்குச் சர்க்கரை வியாதி என்று சுகந்தி எப்போதோ சொல்லியிருந்தாள்) என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். கல்யாணமாகி நாற்பதே நாளில் இந்தப் பெண் என்னை விட்டுப் போகப்போகிறாள் என்று நிஜமாகவே பயந்தேன்.

மாமியார் எழுந்து வந்தார். என்னைப் பார்க்காமல் டம்ளரை எடுத்துச் சாய்த்து, உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருசமா வைக்கிறேன். ஆறிப்போயி அப்படியே கெடக்கும். கொல்லையில கொண்டுபோயி ஊத்துவேன். இன்னைக்குத்தான் காலியாயிருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அருளு, படத்தப் போடுடா. மாப்ள, நீங்க உக்காருங்க. இன்னும் மூணு எடத்துல வருவாரு."

மூன்று இடத்திலும் எழுந்து நின்றேன்.

சுகந்தி மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் ஆபீஸ் விட்டு வந்ததும் நானே அந்தப் படத்தைப் போட்டேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். படம் மட்டம்தான், அதில் சந்தேகமில்லை. இதுவரை ஆறு தடவை பார்த்தவன் சொல்கிறேன், 4.9 கூடத் தாராளம். ஆனால் மார்க் போட்டவர்கள் ஹீரோவைப் பார்த்தவர்கள்.

ஜெகதாப்பட்டினத்தில் இந்தக் கதை வீடு வீடாகப் போய், பாதி வழியில் உதிர்ந்து, "சுகந்தி மாப்பிள்ளைக்குச் சர்க்கரையாம்" என்பது மட்டும் மிஞ்சியது. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சர்க்கரை இல்லாத டீதான். (டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயிற்று. எனக்கு ஒன்றும் இல்லை.) அருள் வேண்டுமென்றே, "அத்தானுக்கு இனிப்பு ஆகாதுங்க" என்று எடுத்துக் கொடுப்பான். நான் மறுக்க வாயெடுக்கும்போது, மாமியார் டம்ளரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடுகிறேன்.