மத்தக்கா சுற்றிய நூல்

தென்காசி ஜில்லாவிலேயே கலக்கத் தெரிந்தவர் மத்தக்கா ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் கரண்டியைச் சும்மா ஆட்டுகிறவர்கள். இது மத்தக்காவின் சொந்தக் கருத்து.

குற்றாலத்தில் நான் எம்.எஸ்சி. படித்த கல்லூரியில் அவர் ஆராய்ச்சி மாணவி. மோர் கடையும் மத்தின் பெயரை அவருக்கு வைத்தவர்கள் விடுதிப் பிள்ளைகள். பிளாஸ்டிக்கைச் சூடான திரவத்தில் கரைத்து, ஆறும்போது கலக்கினால் படிகம் எப்படி மாறுகிறது என்று ஏழு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேன்டீன் டீயைக்கூட ஒரே பக்கமாக நூறு சுற்றுச் சுற்றித்தான் குடிப்பார். என் டீயையும் வாங்கிச் சுற்றுவார். பச்சைத் தண்ணீராக ஆறியதை நன்றி சொல்லிக் குடிப்பேன்.

"பிளாஸ்டிக்குன்னா நீள நீளச் சங்கிலி, பாத்துக்க. சும்மா ஆறவிட்டா மடிஞ்சு தட்டுத் தட்டாப் படுத்துக்கிடும். சுத்திவிட்டா நிமிந்து நூலாயிரும். மிச்சமெல்லாம் நார்ல பூக் கட்டுன மாதிரி அதுல ஒட்டிக்கிடும்."

என் ப்ராஜெக்ட்டுக்கு அந்த நூல்தான் வேண்டும். மறுநாள் தேர்வாளரிடம் காட்டாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். கரைசலைச் சூடாக்கி, மோட்டாரில் சுற்றவிட்டு, ஆறட்டும் என்று நின்றபோது இலத்தூரிலிருந்து மாமியார் போன் செய்தார். "பிள்ளைக்கு மேலு சுடுதும்மா." மகனுக்கு அப்போது எட்டு மாதம். நான் பதில் சொல்வதற்குள் சாரல் காற்றில் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது.

மத்தக்கா மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, கண்ணாடித் தண்டைக் கையாலேயே சுற்றத் தொடங்கினார்.

"ஏட்டி, முழிச்சிக்கிட்டு நிக்காத. கெளம்பு."

"ஆற மூணு மணி நேரமாகுமே அக்கா?"

"எனக்கே பாடம் எடுக்கியா? போட்டீ!"

பஸ்ஸில் இரண்டுமுறை எழுந்து இரண்டுமுறை உட்கார்ந்தேன். "ஏம்மா, எறங்குதியளா, இல்லையா?" என்றார் கண்டக்டர். எனக்கே தெரிந்தால்தானே?

வெறும் சளிக் காய்ச்சல் என்றார் டாக்டர். மருந்து கொடுத்ததும் பிள்ளை தூங்கினான். "நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்று மாமியார் இட்லி டப்பாவைக் கையில் திணித்தார். போயிருக்கலாமா, கூடாதா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். போனேன்.

தண்டைச் சுற்றி வெள்ளை வெளேரென்று நூல். பக்கத்தில் மத்தக்கா, வலது கை துவண்டு தொங்க.

"பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

"காய்ச்சல் விட்டுட்டுக்கா. நீங்க சாப்பிட்டீங்களா?"

"கைய எங்கன தூக்க?"

இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றார். இட்லியைப் பிட்டு நானே ஊட்டினேன். "பொடியில எண்ணெய் சரியாக் கலக்கல" என்று சொல்லிக்கொண்டே ஆறு இட்லியை முடித்தார். துப்பட்டாவால் வாயைத் துடைத்துவிட்டேன். அதுவரை ஓயாமல் பேசியவர், கண்ணை மூடி, குழந்தைபோல முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.