கண்ணை மூடிக்கொண்டு செய்தி வாசிப்பவர்

தேவனுக்கு எது பிரியம், எது பிரியமில்லை என்பதைத் தேவனைவிடத் தெளிவாகத் தெரிந்துவைத்திருக்கும் ஓர் இனம் உண்டு. சபை இருக்கிற ஊரிலெல்லாம் உண்டு. நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் நோயில் படுத்துவிட்டால் போதும், வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்கும்.

நம்மவருக்குப் பெயர் பெலன் அண்ணன். பெற்றவர்கள் வைத்தது வேறு. இது சபை வைத்தது; சபைத் தமிழில் பெலன் என்றால் பலம். "தேவனுக்குப் பிரியமா நடந்துக்கோங்க, பெலன் தானா வரும்" என்பது அவருடைய வாக்கியம். காய்ச்சலுக்கும் அதுதான், கல்யாணம் தள்ளிப்போவதற்கும் அதுதான், கூரை ஒழுகினாலும் அதுதான். வாக்கியத்தில் குறையில்லை. அதை அவர் பிடித்திருக்கும் விதம்தான் சரியில்லை: கைப்பிடி அவர் பக்கம், கூர் உங்கள் பக்கம்.

வந்தால் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் ஜெபத்தின் உயரம் குறைந்துவிடும் அல்லவா? நோயாளியின் தலைமாட்டில் நின்று, அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, வேதபுத்தகத்தின் மேல் மூக்குக்கண்ணாடி கிடப்பதையும், கட்டிலில் டிவி ரிமோட் கிடப்பதையும், மூலையில் மகனின் வேலைப்பை கிடப்பதையும் மனதில் குறித்துக்கொண்டு, கண்ணை மூடுவார். செய்தி ஆரம்பமாகும்.

"ஆண்டவரே, இந்த வீட்டுல டிவிக்குக் குடுக்கிற நேரம் உமக்குத் தெரியும். பெரிய படிப்பு படிச்ச மகன் ஞாயித்துக்கிழமையும் வேலைன்னு ஓடுறது உமக்குத் தெரியும். இந்தத் தாய் முழங்கால் போட மறந்துட்டது உமக்குத் தெரியும்."

தெரியும் என்றால் எதற்கய்யா சொல்கிறீர்?

அடுத்தவர் ஜெபித்தால் மட்டும் அவர் கேட்பதில்லை. வாக்கியம் முடியும் இடம் பார்த்து ஆமென் போடுவார். ஜெபிப்பவரைவிட உரக்கப் போடுவார்.

அந்தத் தாய் தையல்காரி. இதயம் தளர்ந்து படுக்கையில் கிடந்தாள். வாய் மட்டும் தளரவில்லை. ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அளவு கொடுத்த பிறகும் அவள் பேச்சுக்காக உட்கார்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. பெலன் அண்ணன் வர ஆரம்பித்ததிலிருந்து அந்த வாயும் மூடிக்கொண்டது. மகன் அதைக் கவனித்தான். தொழிற்சாலையில் அழுத்தமானிகளைச் சோதித்துச் சரிபார்ப்பது அவன் வேலை. முள் விழுந்தால் அவன் கண்ணுக்குத் தப்பாது.

ஒரு காலையில் அவள் கட்டிலுக்குக் கீழே கிடந்தாள். ஒரு முழங்கால் மடங்கியிருந்தது. மற்றது மடங்கவில்லை.

"என்னம்மா பண்ற?"

"ஆண்டவருக்கு என்மேல பிரியம் இல்லையாம்டா. எதுல குறை வெச்சேன்னு கேக்கலாம்னு இறங்கினேன். ஏற முடியல."

தூக்கிப் படுக்க வைத்தான். அவள் எடை அவ்வளவு குறைந்திருந்தது அவனுக்குப் பயத்தைக் கொடுத்தது. அதைவிட அந்தக் கேள்வி. இந்தக் கேள்வியோடா இவள் போகப்போகிறாள்?

"இனிமே அந்த ஆளை உள்ள விடமாட்டேன்."

"பாவம்டா. அவரு தேவமனுஷன்."

"அம்மா, எங்க மாட்டினாலும் ஒரே எண்ணைக் காட்டுற மானி எங்ககிட்ட வந்தா, கழட்டிக் குப்பையில போடுவோம். அது எதையும் அளக்கல. அவரு போற வீட்டுலயெல்லாம் பிரியம் கம்மின்னுதானே காட்டுறாரு?"

அவள் யோசித்தாள்.

"அவரு வீட்டுல மாட்டினா?"

"அங்க மட்டும் முள்ளு உச்சியில நிக்கும்."

உதட்டோரம் லேசாக அசைந்தது. "வரட்டும்டா. விடு."

வந்தார். நின்றார். வாசித்தார். முடித்ததும் அவள், "தம்பி, இன்னிக்கு நானும் ஜெபிக்கிறேன்" என்றாள். பெலன் அண்ணனுக்கு மகிழ்ச்சி. பலன் கண்ட விவசாயிபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, இந்தத் தம்பி தினமும் வந்து கால்கடுக்க நிக்கிறது உமக்குத் தெரியும்."

"ஆமென்!"

"இவரு வர்ற வழியிலதான் இவங்க அம்மா வீடுன்னு உமக்குத் தெரியும்."

"ஆமென்!"

"அந்த வாசல்ல இவரு செருப்பைக் கழட்டி வருஷக்கணக்காச்சுன்னும் உமக்குத் தெரியும்."

"ஆமென், ஸ்தோத்திரம்!"

"அதனால இவரு காலுக்கும் வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு குடும், சாமி."

"ஆ—"

பாதி ஆமென் அறையில் தொங்கியது. அதை விழுங்கவும் முடியாமல் முடிக்கவும் முடியாமல் பெலன் அண்ணன் கண்ணைத் திறந்தார். கிழவி சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, இருமல் குறுக்கிட, கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள்.

"வியாதி மூளைக்கு ஏறிடுச்சு, தம்பி" என்று மகனிடம் சொல்லிவிட்டு அவர் போனார். செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

"அவரும் சிரிச்சிருப்பாருடா" என்றாள் அம்மா.

"யாரு? பெலன் அண்ணனா?"

"போடா. மேல இருக்கிறவரு. இத்தனை நாள் அவரை அழ வெச்சுக்கிட்டே இருந்தோம்ல, நானும் அந்தத் தம்பியும்." பிறகு, "இந்தத் தலையணையை எடு, இடைஞ்சலா இருக்கு" என்றாள். எடுத்தான். சாய்மானம் இல்லாமல், யார் கையையும் பிடிக்காமல், எழுந்து உட்கார்ந்தாள். டீ கேட்டாள். சர்க்கரை கம்மி என்று திட்டினாள்.

அந்த வாரமே போய்விட்டாள். கேள்வியை எடுத்துக்கொண்டு போகவில்லை.

அடக்கத்தில் பெட்டியின் தலைமாட்டில் நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? "நான் ஜெபிச்ச அன்னைக்கே அம்மா பெலன் அடைஞ்சு எழுந்து உட்கார்ந்தாங்க. சிரிச்ச முகமா போனாங்க. சாட்சியா சொல்றேன்" என்றார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. மகன் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே கிடந்தவள் கேட்டிருந்தால், சரியான இடம் பார்த்து ஒரு ஆமென் போட்டிருப்பாள்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். 'ஆண்டவரே, அந்த ஆளுக்கு இதை யாராவது காட்டினா தேவலை' என்று மனதுக்குள் ஒரு செய்தியும் வாசித்திருப்பீர்கள். கண்ணை மூடிக்கொண்டா, திறந்துகொண்டா? இருக்கட்டும். நீங்களே நேரில் போய்க் காட்டுங்கள். ஆனால் போகிற வழியில் உங்கள் அம்மா வீடு இருந்தால், அவள் இன்னும் அங்கே இருந்தால், செருப்பை முதலில் அங்கே கழற்றுங்கள்.